மணலுக்குப் போட்ட டயர்

பாகராப்பேட்டைக் கணவாயில் வண்டி ஏறத் தொடங்கியதுமே ரப்பர் கருகும் நாற்றம் மறுபடியும் வந்தது. கிருபாவதி பின்சீட்டைக் கழற்றிய இடத்தில், வெறும் தகரத் தரையில் சாக்கை விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வலதுபக்கச் சக்கரத்தை மூடியிருந்த தகட்டில் காதை ஒட்டிவைத்திருந்தாள். நேர்ரோட்டில் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி இடப்பக்கம் வளையும்போது மட்டும், உரலில் கல் இழுபடுவதுபோல ஒரு சத்தம் தகட்டுக்கு அந்தப்பக்கம் எழுந்து, வளைவு முடிந்ததும் அடங்கியது. வெயிலில் தகடு கன்னத்தைச் சுட்டது. அவள் முகத்தை எடுக்கவில்லை. அடுத்த வளைவிலும் அதே சத்தம்.

"நிறுத்துங்க பாலையாண்ணா."

பாலையா வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினான். திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டோரம் ஷெட் வைத்திருப்பவன். மலைக்குப் போகும் வாடகைக் கார்களின் வயிற்றடியில் படுத்தே பாதி ஆயுசைக் கழித்தவன். டயரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்து, விரல்களை மூக்கருகே கொண்டுபோனான்.

"வத்தும்மா, வேணாம். இதோட போதும்," என்றான். "உங்களுக்கு ஆத்து மணலுக்குத்தான வேணும்? மணல்ல வளைவு ஏது? நேரா போய் நேரா வாங்க. ரோட்ல மட்டும் மெதுவா ஓட்டுங்க."

"போறப்ப நான் ஒருத்தி. வர்றப்ப இங்க ஒருத்தி படுத்துக்கினு இருப்பா," என்று தான் படுத்திருந்த இடத்தைக் காட்டினாள் கிருபாவதி. "வெடிச்சா அவ கதி என்னா? உரசக்கூடாது. எந்த வளைவுலயும் உரசக்கூடாது."

நகரிக்கு வடக்கே இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். டாக்டர் துரைசானி தன் தேசத்துக்குக் கப்பலேறும்போது அந்தக் கறுப்பு ஃபோர்டை ஆஸ்பத்திரிக்கு விட்டுப்போனார். அதை ஓட்ட அங்கே கிருபாவதிக்கு மட்டும்தான் தெரியும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துப் போவதை வேடிக்கை பார்க்க முதலில் ஜனம் வீட்டுக்கு வெளியே வந்து நின்றது. பிறகு பழகிவிட்டது. பழகாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப்பக்கம், முள்ளுக்கண்டிகை.

அந்த ஊருக்குப் பாலம் கிடையாது. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் போகும், மற்ற மாதங்களில் மணல் கிடக்கும். மாட்டுவண்டிகள் போய்ப் போய் இறுகிய தடம் ஒன்று மணலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு அக்கரை ஏறும். ஏறியதும் ஊர். ஊரைச் சுற்றிக்கொண்டு, புன்செய்க் காட்டைத் தாண்டி சேரி. போன வருஷம் பங்குனியில் சேரியிலிருந்து கன்னையா என்பவன் ஓடிவந்தான். அவன் பெண்சாதி வள்ளிக்குத் தலைப்பிரசவம், குழந்தை கால் மாறி நிற்கிறது. கிருபாவதி காரை எடுத்துக்கொண்டு போனாள். பாதி ஆற்றில் பின்சக்கரம் புதைந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க மணல் பின்னால் பீய்ச்சியடித்ததே தவிர, வண்டி அச்சு வரைக்கும் இறங்கி, முட்டையிட உட்கார்ந்த கோழிபோல அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

அக்கரையில் கிராம முன்சீப் சிட்டிபாபுவின் வண்டி, மாடு பூட்டியே நின்றிருந்தது. அவரும் நின்றிருந்தார். அவள் மணலில் விழுந்தடித்து ஓடிப்போய் வண்டி கேட்டாள்.

"சேரிக்கா?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் வராது என்று சொல்வதுபோலச் சொன்னார். "என் மாடு அந்தப் பக்கம் போய்ப் பழக்கமில்ல நர்சம்மா."

பையைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது குழந்தை பாதி வெளியே வந்திருந்தது. உயிர் இல்லை. மீதியையும் அவள்தான் எடுத்தாள். வள்ளி அழவில்லை. கிருபாவதியின் கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். சாயங்காலம் கன்னையாவும் இன்னும் சிலரும் பனை ஓலைகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்து, கையாலேயே மணலைத் தோண்டி வண்டியை வெளியே எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

இந்த வருஷம் மாசி கடைசியில் கன்னையா மறுபடியும் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றான்.

"வள்ளிக்கு சித்திர கடசில பொறக்கும்மா," என்றான்.

"முன்னாடியே இங்க கூட்டியாந்துடுப்பா. ஒரு மாசம் இருந்துட்டுப் போவட்டும்."

"வரமாட்டேன்றாம்மா. மொத புள்ளய பொதச்சது வூட்டுக்குப் பின்னாலதான். அத வுட்டு வரமாட்டேன்றா." தலையைச் சொறிந்துகொண்டான். "அவளயாச்சும் அடிச்சி இழுத்துக்கினு வந்துடலாம். அங்க இன்னும் எத்தினி பேரும்மா..."

அவன் போன பிறகு அவள் ஆஸ்பத்திரி ஷெட்டில் நின்ற காரைப் போய்ப் பார்த்தாள். அதன் ஒல்லியான பின்டயரைக் காலால் ஒரு உதை உதைத்தாள். டயரை மாற்றுவதென்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்டுப்போன ஜீப்புகள் பட்டையான டயரோடு மணலில் சாதாரணமாகப் போவதைப் பார்த்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக் கமிட்டிக்குக் காரியதரிசி சாந்தகுமார். கெட்டவர் அல்ல. எதிலும் அவசரப்படாதவர், அந்த வருஷம் அவசரப்படாமலிருக்க நல்ல காரணமும் அவருக்குக் கிடைத்திருந்தது. எந்த ஊர் மெட்ராஸுக்குப் போகும், எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும் என்று டீக்கடையிலிருந்து கோயில் வாசல்வரை அதே பேச்சு. சுவரில் தமிழில் எழுதுவார்கள், மறுநாள் அதைச் சுண்ணாம்படித்துத் தெலுங்கில் எழுதுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் போடவில்லையா, கிணறு வெட்டவில்லையா, காருக்கு டயர் மாற்ற வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர்," என்றார் சாந்தகுமார். "முள்ளுக்கண்டிகை இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னே முடிவாகல. அந்தப் பக்கம் போய்ட்டா அது நம்ம ஏரியாவே இல்ல. எல்லை செட்டில் ஆகட்டும், கமிட்டில வெச்சிப் பேசலாம்."

"எல்லை செட்டில் ஆகறவரைக்கும் புள்ள வயித்துலயே காத்துக்கினு இருக்குமா சார்?"

அறையில் இருந்தவர்களில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். சாந்தகுமாரின் முகம் சிவந்தது. "காரு ஒடஞ்சிபோனா பிஷப் ஐயா வரும்போது ஸ்டேஷனுக்கு எதுல போறது? யோசிச்சீங்களா?"

"ஒடஞ்சா நானே மாட்டுவண்டி ஓட்டிக்கினு போய் அவரக் கூட்டியாறேன்," என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்த கார்ச்சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எடுக்கலாமா என்று யாரையும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் வண்டியைக் கிளப்பித் திருப்பதிக்கு ஓட்டினாள்.

பாலையா பழைய ஜீப்பின் இரண்டு சக்கரங்களை எங்கிருந்தோ கொண்டுவந்தான். பட்டை அகலமான டயர், மேலே ஆழமான வெட்டுகள். ஃபோர்டின் பின்அச்சில் வைத்துப் பார்த்தால் போல்ட் துளைகள் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தின. "பார்த்தீங்களா, தெய்வமே கொடுத்தது," என்றான். நட்டை முடுக்கிவிட்டுக் கையால் சுழற்றியதும் சக்கரம் பாதிச் சுற்றிலேயே சக்கரத்தை மூடிய தகட்டின் உட்சுவரில் இடித்து நின்றது. டயர் உள்பக்கம் அவ்வளவு தடித்திருந்தது. லேத்தில் இரும்பு வளையம் கடைந்து சக்கரத்துக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவில் கொடுத்து, நீளமான போல்ட் போட்டு, சக்கரத்தை வெளியே தள்ளினான். இப்போது உள்ளே இடம் கிடைத்தது, வெளியே மட்கார்டின் விளிம்பு டயரில் பதிந்தது. விளிம்பின் உள்மடிப்பைச் சுத்தியலால் கொஞ்சங்கொஞ்சமாகத் தட்டித் தகட்டோடு தகடாக மடக்கினான். அதன் பிறகு இரண்டு பக்கமும் அவள் சுட்டுவிரல் தாராளமாக நுழைந்தது. ஷெட்டில் நின்றவரைக்கும் எல்லாம் சரி. ரோட்டில் இறங்கி ஒரு வளைவு வந்தால் நாற்றம்.

கணவாயில் நிறுத்திய அன்று அவர்கள் கையோடு சுண்ணாம்புக் குழம்பு கொண்டுவந்திருந்தார்கள். உட்சுவரிலும் மட்கார்டு விளிம்பிலும் அதை அவளே பூசினாள். மறுபடி ஒரே ஒரு வளைவுக்கு ஓட்டி நிறுத்தினார்கள். இடப்பக்கம் திரும்பும் வளைவு அது. வலதுசக்கரம் உட்சுவரில் சுண்ணாம்பைத் துடைத்திருந்தது. இடதுசக்கரம் வெளி விளிம்பில் துடைத்திருந்தது.

"இதென்னா மாயம்," என்றான் பாலையா. "ஒண்ணு உள்ள தேய்க்குது, ஒண்ணு வெளிய தேய்க்குது. அச்சு வளஞ்சிருக்குமோ?" பிறகு வெறுத்துப்போய்ச் சொன்னான்: "ரெண்டு மட்கார்டையும் வெட்டி எறிஞ்சிடறேம்மா. உள்சுவத்தையும் வெட்டிடறேன். அப்ப எது உரசும்?"

கிருபாவதி வண்டியின் பின்னால் போய் நின்று, இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் தள்ளினாள். உடம்பு முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்து, திரும்பி வந்தது. சக்கரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்னொரு முறை தள்ளினாள்.

"சக்கரம் ஆடல பாலையாண்ணா. வண்டிதான் ஆடுது, இங்க வந்து பாருங்க."

அவன் குனிந்து பார்த்தான். ஸ்பிரிங் பட்டை குறுக்கே, ஒரு சக்கரத்திலிருந்து மறுசக்கரத்துக்குக் கிடந்தது. தொட்டில்போல அதன்மேல் உட்கார்ந்திருந்த வண்டியை வளைவு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. ஒல்லி டயர் இருந்தவரைக்கும் அந்த ஆட்டத்துக்கு இடமிருந்தது.

"வலில பொரள்றவள இடுப்ப ஒருத்தி புடிச்சிக்கினா போதும், பொரளமாட்டா," என்றாள் அவள். "இதுக்கு இடுப்பு எங்க இருக்குது?"

பாலையா சட்டையைக் கழற்றி பானெட்மேல் போட்டுவிட்டு அடியில் படுத்தான். எழுந்தபோது முகத்தில் வேறு களை. "ஒரு கம்பி வேணும்மா. ஒரு மொன அச்சுல, அடுத்த மொன எதிர்ப்பக்கம் சேஸ் சட்டத்துல. மேலயும் கீழயும் ஆடட்டும், பக்கவாட்டுல போவாது. அட, இத்தன வருஷமா இதே ஸ்பிரிங்க கழட்டி மாட்டிக்கினு இருக்கறேன்!" என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். கறுப்புக் கை அடையாளம் நெற்றியில் பதிந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பல வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

லாரிக் கம்பி ஒன்றை வெட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் வைத்துப் பூட்டினார்கள். இரண்டாம் முறை கணவாய் ஏறி இறங்கியபோது அவள் மறுபடி தரையில்தான் படுத்திருந்தாள். காற்றுச் சத்தமும் என்ஜின் சத்தமும் மட்டும் கேட்டன. இறங்கிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசினபடியே காய்ந்திருந்தது.

கன்னையா வந்தது சித்திரை முடியும் ஒரு காலைப்பொழுதில். "வலி எடுத்துடுச்சிம்மா," என்றவன், காரின் புதிய பின்பக்கத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் வந்த காரியத்தையே மறந்துபோனான். அவனை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு அவள் ஆற்றங்கரைக்கு வந்தாள். இறங்கிப் பின்டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினாள். டயர் அமுங்கி இன்னும் அகலமானது. விரலை விட்டுப் பார்த்தாள். நுழைந்தது.

மணலில் நிற்கக்கூடாது. நின்றால் புதைவு. இரண்டாம் கியரிலேயே ஒரே சீராக விட்டாள். வண்டி படகுபோல முன்னும் பின்னும் அசைந்துகொண்டு போயிற்று. போன வருஷம் புதைந்த இடம் எது என்று கன்னையா கையைக் காட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்வை அக்கரையில் இருந்தது. தடம் கரையேறும் இடத்தில் முள்மரக் கிளைகளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு சிட்டிபாபு. அவர் பின்னால் இரண்டு ஆட்கள்.

"ரஸ்தா மூடியாச்சு நர்சம்மா!" அவர் குரல் மணல்மேல் தெளிவாக வந்தது. "காரு ஏறினா தடம் கெட்டுப்போவும், மாடு கால ஒடிச்சிக்கும். அப்படியே திருப்பிக்கினு போங்க!"

அவள் நிறுத்திப் பேசுவாள் என்று எதிர்பார்த்து அவர் நின்றிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. நிறுத்தினால் அந்த இடத்திலேயே வண்டி உட்கார்ந்துவிடும். அவருக்கும் அது தெரியும். கன்னையா கதவைத் திறக்கப் போனான், முள்ளை இழுத்துப் போட.

"ஒக்காருப்பா," என்றாள். தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்: "தடம் உங்களுது. வெச்சிக்கோங்க. ஆறு யாருதுங்க?"

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். வண்டி தடத்தைவிட்டு, யாரும் ஓட்டாத பொலபொலவென்ற மணலில் இறங்கியது. பின்பக்கம் ஒரு முறை பலமாகச் சாய்ந்தது. உரசுகிறதா என்று அவள் காதைத் தீட்டினாள். மணல் அரைபடும் சத்தம், வேறொன்றும் இல்லை. அகலச் சக்கரங்கள் மணலை அமுக்கி அமுக்கித் தங்களுக்குத் தாங்களே வழி போட்டுக்கொண்டு மேல்முகமாகப் போயின. கொஞ்ச தூரத்தில் மணலில் ஊற்றுத் தோண்டித் துணி துவைக்கும் துறை இருந்தது. கரை அங்கே சரிவாக இறங்கும். முதல் கியருக்கு மாற்றி மிதித்தாள். துவைகல்லை ஒட்டி வண்டி ஏறியது. காய்ந்துகொண்டிருந்த வேட்டி ஒன்று கண்ணாடியில் அறைந்து விலகியது. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் இடுப்பை வளைத்துக் குனிந்தபடியே வாய் பிளந்து பார்த்தார்கள். சேரிக்குள் முதல்முதலாக ஒரு கார் நுழைந்தது.

வள்ளி பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிருபாவதியைக் கண்டதும், "காரு சத்தம் கேட்டுது," என்றாள். இந்த முறை தலைதான் முன்னால். உச்சிப்பொழுதுக்குள் குழந்தை பிறந்தது, பெண். கொடி அறுக்கும் முன்பே வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வெளியே கன்னையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் வள்ளிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. வயிற்றைப் பிசைந்து, ஊசி போட்டு, துணி வைத்து அழுத்தி ஓரளவுக்குக் கட்டுப்படுத்தியும் கிருபாவதிக்கு மனம் ஒப்பவில்லை.

"இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம். வரமாட்டேன்னு சொல்லாத."

வள்ளி வீட்டின் பின்பக்கம் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். "இவளையும்தான?" என்றாள்.

"இவளையும்தான்."

பின்தரையில் மெத்தை போட்டுப் படுக்கவைத்தார்கள். கன்னையா கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்தான். துறையை நோக்கி அவள் மெதுவாக ஓட்டினாள். வண்டி கனத்திருந்தது, பள்ளங்களில் இறங்கி ஏறியது, எதிலும் எதுவும் படவில்லை.

துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வழியில் நின்று கையைக் காட்டினாள். பட்டுக்கரைச் சேலை, நிறைமாத வயிறு. முகம் ஊதியிருந்தது. முன்சீப் வீட்டு மருமகள் அலர்மேல்மங்கை என்று கன்னையா முணுமுணுத்தான். கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் கிருபாவதி இறங்கினாள்.

"நர்சம்மா, ரெண்டு நாளா தலைய பொளக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது."

கிருபாவதி குனிந்து அந்தப் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. நிமிர்ந்தாள். "வண்டில ஏறு. இப்பவே."

சிட்டிபாபு கரையோரமாக ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். குடை மடங்கிக் கையில் இருந்தது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர் சட்டென்று பின்வாங்கினார். "நாளைக்குப் பொழுது விடிஞ்சதும் வண்டி கட்டி நானே அனுப்பி வெக்கறேன். இதுல... இதுல வேணாம்."

"நாளைக்குள்ள இவளுக்கு ஜன்னி வந்துடும். வந்தா தாயும் இல்ல, புள்ளையும் இல்ல. வேற வண்டி இல்ல, இதான் வண்டி." அவள் குரலை உயர்த்தவில்லை. பின்கதவை அகலத் திறந்தாள். "உள்ள எடம் இருக்குது. ஆனா அந்த எடம் என்னுது இல்ல, அவளுது." குனிந்து உள்ளே கேட்டாள்: "வள்ளி, இவங்க ஒக்காரட்டுமா?"

துறையில் துவைப்பு நின்றுபோயிருந்தது. வள்ளி வெளுத்த முகத்தைத் திருப்பி, வெளியே நின்ற வயிற்றையும் அதற்கு மேலிருந்த முகத்தையும் பார்த்தாள். குழந்தையை மார்போடு அணைத்தபடி, மெத்தையில் நீட்டியிருந்த கால்களை வலியோடு ஒவ்வொன்றாக மடக்கி, தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

அலர்மேல்மங்கை மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் சூடான கதவைப் பிடித்து, வீங்கிய வலதுகாலை ஃபுட்போர்டின்மேல் வைத்தாள். மெட்டி இறுகியிருந்த விரல்களிலிருந்து மணல் கொஞ்சம் உதிர்ந்தது. இடதுகால் இன்னும் தரையில் இருந்தது.